கண்ணாடிக்குள் சாப்பிட்டவள்

ஐரோப்பாவில் ஒரு மியூசியத்துக்குள் மாதக்கணக்கில் சுற்றியிருக்கிறேன். அதன் வாசற்படியை மிதித்ததில்லை. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் வருடங்களில், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியின் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுற்றியதுதான் எல்லாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஓவியங்களும் சிலைகளும் உள்ள மியூசியம். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தபடியே அதன் கூடங்களில் நடக்கலாம் என்று இணையத்தில் போட நினைத்தார்கள். பொதுமக்கள் வராத விடுமுறை நாளில் எடுத்த புகைப்படங்கள் துண்டு துண்டாக வரும். ஒட்டு தெரியாமல் சேர்ப்பது என் வேலை. கொஞ்சம் அசந்தால் பளிங்குப் பெண்ணின் கழுத்து ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் போய்விடும்.

கூடங்களில் ஈ காக்காய் இருக்காது. அறுவடை வயல், புகை கக்கும் ரயில், விசிறி வைத்த சீமாட்டி என்று பார்த்துக்கொண்டே போவேன். அத்தனை பேரும் என்னைப் பார்ப்பார்கள், ஒருவரும் பேசமாட்டார்கள். அது எனக்குப் பழகியதுதான். நான் தங்கியிருந்த பி.ஜி. விடுதியில் என் அறையிலிருந்த இரண்டு பெண்களும் தங்களுக்குள் தெலுங்கில் பேசிச் சிரிப்பார்கள். எனக்கு ஒரு ‘ஹாய்’, அவ்வளவுதான். ஆபீஸில் மதியம் கும்பலாகக் கேன்டீனுக்குப் போவார்கள். கூப்பிடாத பந்தியில் போய் உட்கார என்னால் முடியாது. திமிர் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டுமே! பி.ஜி.யில் கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை என் மேசையிலேயே பிரிப்பேன்.

அப்படி ஒரு மதியம்தான் அவளைக் கண்டேன். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கும் பெண்ணின் படம். அதற்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தபோது, தைக்கிறவளின் கறுத்த பாவாடை மேல் மங்கலாக இன்னொருத்தி. எதிர் அறை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளின் பிம்பம் கண்ணாடியில் விழுந்திருந்தது. துப்புரவு வேலை செய்பவள் போல, பக்கத்தில் வாளி. செருப்பைக் கழற்றிவிட்டு, மடியில் டப்பா வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அடியம்மா, அவளும் தனியாக!

அதன்பிறகு தினமும் மதியம் அந்தக் கண்ணாடியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன். பைத்தியம் என்றால் பைத்தியம்தான். ஆனால் சோறு இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஆம்பூருக்குப் பேசினால் அம்மா முதலில் கேட்பது, “யார்கூட சாப்புடுற?”

“ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்கம்மா. அவங்ககூடத்தான்.”

“வாய்க்கு ருசியா எதுனா கொண்டாறாளா?”

“அவங்க டப்பாவ நான் எட்டிப் பாக்கறதில்லம்மா.”

படங்கள் இணையத்துக்குப் போக ஒரு வாரம் இருந்தபோது எங்கள் டீம் லீடர் என் பின்னால் வந்து நின்றார். அந்த ஊரிலேயே, மர்பி டவுன் தமிழர் குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர்.

“இன்னாம்மா இது, கண்ணாடியில ஆளு தெரியுது? கிளீன் பண்ணிடு.”

“சின்னதாத்தானே இருக்கு சார். இருந்துட்டுப் போகட்டுமே.”

“நல்லா கேட்ட போ! மியூசியம் பாக்க வர்றவன் படத்தப் பாப்பானா, எவளோ சோறு துன்றதப் பாப்பானா? சாயந்தரத்துக்குள்ள முடிச்சுடு.”

முடித்தேன். சுற்றிலும் இருந்த பாவாடைக் கறுப்பையே எடுத்து அவள் மேல் பூசினேன். முதலில் வாளி, பிறகு செருப்பு, டப்பா. முகத்தைக் கடைசிவரை விட்டுவைத்திருந்தேன். அன்றும் மறுநாளும் என் சாப்பாட்டைப் பிரிக்கவே இல்லை.

அந்த வாரம் ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா அதிரசம் கொடுத்தனுப்பியிருந்தாள். பையில் இரண்டு பொட்டலம். எனக்கொன்று, அக்காவுக்கொன்று என்று புரிந்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போனேன். அம்மா கேட்பதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

“அந்த அக்கா வேலைய விட்டுப் போயிட்டாங்கம்மா. இப்ப யாரும் இல்ல. அவங்க பொட்டலம் அப்படியே இருக்கு.”



“அவ பேர ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கியாடி நீ?” என்றாள் அம்மா. “சாப்புடு. ரெண்டும் உனக்குன்னுதான் கட்டினேன்.”