அறுபது பக்கமும் ஒரு கையெழுத்தும்

எம்.ஏ. ஆய்வேட்டுக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு பெண்ணியச் சிந்தனையாளர்கள். ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போனவர்கள், சொத்தில் பங்கு கேட்டு வீட்டைவிட்டு விரட்டப்பட்டவர்கள், அடுப்படி வேலையும் வேலைதான் என்று எழுதியவர்கள். மதுரையில் விடுதி அறையில் உட்கார்ந்து அறுபது பக்கம் எழுதினேன். முன்னுரையில் அம்மாவைப் பற்றியும் ஒரு பத்தி. மூணாறுக்குப் பக்கத்தில் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். ஒருமுறை எஸ்டேட் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு ரோட்டில் உட்கார்ந்தபோது, சமாதானம் பேச வந்த யூனியன் தலைவர்களை "நீங்க போங்கண்ணே, எங்களுக்குப் பேசத் தெரியும்" என்று திருப்பி அனுப்பியவள். என் பேராசிரியைக்கு அந்தப் பத்திதான் மிகவும் பிடித்தது. முனைவர் பட்டத்துக்கும் அவரே இடம் வாங்கிக் கொடுத்தார்.

அந்த மாதமே அம்மாவுக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. எங்கள் ஊரில் வேலை போனால் வீடும் போகும். தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடு கம்பெனிக்குச் சொந்தம். குடும்பத்தில் இன்னொருவர் வேலைக்குப் பேர் பதிந்தால்தான் தொடர்ந்து குடியிருக்கலாம். அண்ணன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். அண்ணிக்கு ஏழாம் மாதம். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க எம்.ஏ. தேவையில்லை.

"ரெண்டு வருஷம் கொழுந்து கிள்ளப் போய்ட்டு வா. அதுக்குள்ள நான் வேற எடம் பாத்துருதேன்," என்றான் அண்ணன்.

"நீயே பேர் பதியேன்."

"கொழுந்து கிள்ளுறது பொம்பளையாளுக வேலைல்லா? என்னைய மருந்தடிக்கத்தான் விடுவாங்க. ஜீப்ப யாரு ஓட்டுவா?"

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"எம் மகளுக்கு இந்தக் கூடை வேண்டாம்னு அன்னைக்கு ரோட்டுல கத்துனேன்," என்றாள். கழுவிய சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப எங்கடி போறது?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. சோறு சாப்பிட்டேன், தட்டைக் கழுவினேன். பேராசிரியை இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேரும் எஸ்டேட் ஆபீசுக்குப் போனோம். கிளார்க் மலையாளத்தில் அச்சடித்த படிவத்தை நீட்டினார், என்னிடம் அல்ல, அண்ணனிடம். "ஒண்ணாந்தேதி முதல் வரணும். இடையில விட்டுட்டுப் போகக் கூடாது. சம்மதமா?" என்று கேட்டதும் அவனிடம்தான்.

"வந்துருவா சார்," என்றான் அவன்.

கிளார்க் அம்மாவைப் பார்த்தார். யூனியன் தலைவர்களைத் திருப்பி அனுப்பிய அதே அம்மா தலையை ஆட்டினாள். அதற்காக அவள்மேல் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. என்மேல்தான். யாரும் என் வாயைப் பொத்தவில்லை. கிளார்க் மேசையில் பேனாவைத் தேடி எடுக்கும் நேரம் முழுக்க எனக்கு இருந்தது. பெண்கள் வாய் திறந்த கதையை அறுபது பக்கம் எழுதியவள், அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.