கெம்பையன் படமும் ஒரு எருமையும்

ஹனூர்க்காரரான மல்லப்பன் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறார். ஞாயிறு காலையில் மட்டும் கழுத்தில் கேமராவோடு ஹனூர்ச் சந்தைக்கு வருவார். யாரை எடுத்தாலும் அடுத்த ஞாயிறு பிரிண்டை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும்; கொடுக்காத படத்தை எடுத்ததாகவே அவர் நினைப்பதில்லை. பிரிண்டின் பின்னால் பெயரை எழுதமாட்டார், ஆள் உட்காரும் இடத்தைத்தான் எழுதுவார்.

வாழையிலை விற்கும் கெம்பையன் இரண்டு வருஷமாகக் கேமராவைக் கண்டாலே இலைக்கட்டால் முகத்தை மறைத்துக்கொள்பவர். போன வாரம்தான் இளகினார்.

“ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நான் இலை வித்து முடிக்கறதுக்குள்ள படம் எங் கைக்கு வரோணும். இல்லீன்னா இனி கேமராவ எம்பக்கமே திருப்பப்படாது.”

இந்த ஞாயிறு, முந்தின இரவு மழையில் சந்தையில் பாதி குளமாகியிருந்தது. எல்லாரும் மேட்டுக்கு இடம் மாறிவிட்டார்கள். கெம்பையன் எங்கே என்று மல்லப்பன் பூக்கார மாதேவியிடம் பிரிண்டைக் காட்டிக் கேட்டார். அவள் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அய்யோ, இந்த மனுசனுக்குச் சிரிக்கத் தெரியுமா? ஏய், எல்லாரும் பாருங்கடி.”

படம் கைமாறிக் கைமாறிப் போயிற்று. பின்னாலேயே ஓடிய மல்லப்பனைப் பூண்டுக்காரர் ஜடையன் பெருமையோடு நிறுத்தினார்.

“எழுதியிருந்த எடத்துலயே வெச்சுட்டேனுங்க. வேப்பமரத்துல இருந்து நாலாவது. அங்க எருமைதான் நின்னுது. கீழ வெச்சா நனையுமேன்னு அது கழுத்துக்கயித்துல சொருகிட்டேன்.”

அந்த எருமை அதற்குள் வாழையிலை வாசம் பிடித்து மேடேறிக்கொண்டிருந்தது. மல்லப்பன் சேற்றில் வழுக்கியபடி துரத்தினார். பின்னால் பாதிச் சந்தை சிரித்துக்கொண்டே வந்தது. மேட்டில் கெம்பையனிடம் ஒரே ஒரு கட்டு மிச்சமிருந்தது. அவர் எழுவதற்குள் எருமை அதில் வாயை வைத்துவிட்டது.

“இலை முடிஞ்சுது. கேமராவ மூடிக்கோங்க” என்றார் கெம்பையன்.

“ஏனுங்ணா, வித்து முடிக்கறதுக்குள்ளன்னுதான சொன்னீங்க?” என்றாள் மாதேவி. “இந்தக் கட்ட யாருக்கு வித்தீங்க?”

கெம்பையன் எருமையைப் பார்த்தார். அது மென்றுகொண்டிருந்தது. கயிற்றிலிருந்து படத்தை உருவி வெகுநேரம் பார்த்தார்.

“பல்லு இத்தன தெரியுதே.”

“அதோட பல்லு இன்னும் வெளுப்பு” என்றாள் மாதேவி, எருமையைக் காட்டி.

கெம்பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முகத்தை மறைக்க இலையும் இல்லை. மல்லப்பன் சேற்றுக் கையோடு எருமையையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டார்.

“இது எப்பங்க கெடைக்கும்?” என்றார் கெம்பையன்.

“வர்ற ஞாயித்துக்கிழமைங்க.”

“ரெண்டா போடுங்க. அதுக்கும் ஒண்ணு வேணுமில்ல?”