இடது பின்கதவு

காரின் இடது பின்கதவுக் கைப்பிடியைத்தான் பீம்ராவ் முதலில் துடைப்பார். கண்ணாடி, முகப்பு எல்லாம் அப்புறம். ஒரே இழுப்பில் துணி கறுத்துவிடும். "கஸ்மாலம்! நேத்துதானடா தொடச்சேன்" என்று நிலக்கரிக் கிடங்கு இருக்கும் திக்கைப் பார்த்து ஒரு வசவு விழும். எண்ணூரில் வாடகைக் கார் ஓட்டும் இந்த மனிதருக்குப் பொழுது விடிவதே இப்படித்தான்.

ராணுவத்திலும் அவர் டிரைவர்தான். பிரிகேடியராக இருந்த ஓர் அதிகாரி, படிப்படியாக ஏறித் தரைப்படைக்கே தலைமைத் தளபதியாகி ஓய்வு பெறும் வரைக்கும் வண்டி இவர் கையில். 'சாப்' என்றே இவர் அழைக்கும் அந்த அதிகாரியைப் பற்றிக் கேட்டால் போர், பதக்கம் எதுவும் வராது. "மலை ரோட்டுல சாப்புக்கு வாந்தி வரும். பாக்கெட்டுல எலுமிச்சம்பயம் இல்லாம வண்டிய எடுக்க மாட்டேன். ஒரு தபா பனியில மாட்டிகினோம். எறங்கி அவரே தள்னாரு. மன்சன்யா!" என்பார்.

இருவருக்கும் நடுவே ஒரு வழக்கம். விருந்திலோ கூட்டத்திலோ யாராவது சாப்பைப் பிடித்துக்கொண்டு அறுத்தால், பீம்ராவ் போய் வண்டியின் இடது பின்கதவைத் திறந்து விறைப்பாக நிற்பார். அதைக் கண்டதும் சாப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு வந்து ஏறிக்கொள்வார். எதிரே மந்திரி நின்றாலும் சரி. "கதவு தொறந்தா கூட்டம் ஓவர்" என்று சொல்லும்போது மட்டும் பீம்ராவ் சிரிப்பார்.

வீட்டில் மனைவி செங்கொடிக்கு இளைப்பு. வியாசர்பாடியிலிருந்து கல்யாணமாகி வந்தபோது மூச்சுவிடாமல் பேசின பெண், இப்போது இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாள். இருக்கிற கிடங்கு போதாதென்று, இவர்கள் தெருவுக்குப் பின்னாலேயே இன்னொன்று போடப் பார்க்கிறான் கம்பெனிக்காரன். அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் போன வாரம் நடந்தது. கம்பெனியின் ஆலோசகர் என்று மேடையேறியவர் யார் தெரியுமா? அதே சாப்!

பீம்ராவின் கை தானாக சல்யூட்டுக்கு எழும்பியது. பிறகு சாப் பேசியதைக் கேட்டார். தேசத்துக்காகக் கொஞ்சம் தூசியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். எல்லையில் வீரர்கள் படாத பாடா என்றார். பக்கத்தில் செங்கொடி இருமத் தொடங்கினாள். இருமல் நிற்கவில்லை.

"எங்க வூட்டு மூச்ச எய்தித் தர நீ யாரு சாப்?" பீம்ராவ் கத்தியது மேடைக்கு எட்டவில்லை. மைக் அந்தப் பக்கம் அல்லவா இருந்தது!

"சொம்மா... இருய்யா..." செங்கொடி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாத்துக்கு சொம்மா இருக்கணும்? இத்தினி வர்சம் என் வண்டியில குந்திகினு வந்த ஆளு, இன்னிக்கு என் பொண்டாட்டிய சாவ சொல்றாரு!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். பந்தலின் வாசலில், மேடைக்கு நேர் எதிரே, சாப் வந்த கம்பெனிக் கார். குறுக்கே வந்த டிரைவரைத் தள்ளிவிட்டு, இடது பின்கதவை அகலத் திறந்தார். குதிகால்களைப் படீரென்று சேர்த்து, மார்பை நிமிர்த்தி மேடையைப் பார்த்து நின்றார்.

சாப்பின் பார்வை அங்கே வந்து விழுந்தது. பேச்சு பாதியில் நின்றது. பழகின கால், ஓரடி முன்னால் வந்தேவிட்டது. பீம்ராவ் கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.