பாணி கேட்ட குரல்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம். எனக்குக் கோபமில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் சிரிப்பார். "அண்டைக்கு எத்தனை போத்தில் மச்சான்?" என்று கேட்பார். ஒரு போத்திலும் இல்லை. அன்று நாங்கள் குடித்தது கருப்பஞ்சாறும் பால் தேநீரும்தான். நாள், 1996 ஜூன் 15, சனிக்கிழமை. இடம், ஆக்லாந்துக்கு வடமேற்கே ஹெலன்ஸ்வில் தாண்டி ஒரு தகரக் கொட்டில். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிரிக்கிறவர்கள் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுச் சிரியுங்கள்.

அப்போது நாங்கள் ஆறு பேர் ஆக்லாந்தின் சான்ட்ரிங்ஹாமில் ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்கு எடுத்து ஒன்றாக இருந்தோம். எங்களுக்கு வேலை, படிப்பு எல்லாம் இருந்தன. மிச்ச நேரத்தில் தொண்டு. புதிதாக வரும் அகதிக் குடும்பங்களுக்குக் கட்டில், மெத்தை, வாஷிங் மெஷின் தேடிக் கொடுப்போம். டாக்டரிடம் கூட்டிப்போய் மொழிபெயர்ப்போம். முன்னறை இரண்டும் பெண்களுக்கு, பின்னறை எங்களுக்கு. ஊர்ச்சனம் அதைப் பற்றியும் கதைத்தது. கதைக்கிற சனம் ஒரு மெத்தை தூக்க வராது என்பதால் நாங்கள் அதைக் காதில் போடவில்லை.

அந்த வீட்டில் சுகந்தினி இருந்தாள். ஊர் கோண்டாவில். வயது இருபத்து நான்கு. 95 ஒக்டோபரில் சண்டையால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவளுடைய அம்மாவும் தம்பி செந்தூரனும் சனத்தோடு சனமாக நடந்திருக்கிறார்கள். நாவற்குழிப் பாலத்தில் நெரிசல். அம்மாவின் கை அவன் கையை விட்டது. அவ்வளவுதான். பதினேழு வயதுப் பெடியன். அன்றிலிருந்து அம்மா வன்னியில் முகாம் முகாமாக அவனுடைய படத்தைக் காட்டித் தேடிக்கொண்டிருந்தார். இங்கே சுகந்தினி தினமும் தபால்பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான். தம்பி இருக்கிறானா, இல்லையா.

அவனைப் பற்றி அவள் அதிகம் சொன்னது ஒரு விஷயம். பாணி என்றால் உயிரை விடுவானாம். பதநீரைக் காய்ச்சி இறக்கும் கெட்டிப் பாகைத்தான் யாழ்ப்பாணத்தில் பாணி என்போம். அம்மா சமைக்கும்போது குசினி வாசலில் வந்து நின்று "பாணி... பாணி..." என்று அரிப்பானாம். வாங்காமல் விடமாட்டானாம்.

கொட்டில்காரர் பழனிசாமி. பிஜியிலிருந்து வந்தவர், அறுபது வயதிருக்கும். பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். வீட்டில் அவர்கள் பேசுவது பிஜி இந்தி. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிர் அதிகம் விழாத ஒரு சரிவில் கரும்பு போட்டிருந்தார். ஒருமுறை அவருக்குச் சாமான் ஏற்றிக் கொடுத்தோம். அதற்கு நன்றியாக, "சர்க்கரை காய்ச்சுறேன், வாங்க" என்று கூப்பிட்டார். மூன்று பேர் போனோம். நான், சுகந்தினி, வான் ஓட்டிய ஜனார்த்தன்.

பகல் நன்றாகத்தான் போனது. கரும்பு வெட்டினோம். மெஷினில் கொடுத்துச் சாறு பிழிந்தோம். பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றி அடியில் விறகு மூட்டினோம். ஜனார்த்தன் வாய் ஓயாமல் பகிடி விட்டான். சுகந்தினி கூடச் சிரித்தாள். அவள் சிரித்து நாங்கள் பார்த்து மாதக் கணக்கு.

4.45க்குப் பழனிசாமி புறப்பட்டார். அவருடைய வீடு ஒரு மைல் மேலே.

"இருட்டுக்கு முன்ன நான் போகணும். நீங்க மூணு பேர், சேந்தே இருங்க. பாகு கெட்டியானா நெருப்ப இழுத்துட்டுப் போயிடுங்க."

"ஏன் ஐயா, இருட்டிலை என்ன?" என்று ஜனார்த்தன் கேட்டான்.

அவர் வாசல் பக்கம் திரும்பினார். வாசலுக்கு வெளியே ஒரு நீல வாளி நிறையத் தண்ணீர் இருந்தது. அதன் மேல் ஒரு தகரக் குவளை. அதைக் காட்டி, "அது மட்டும் அங்கேயே இருக்கட்டும்" என்றார். நெருப்புப் பிடித்தால் ஊற்ற வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

5.15க்கு ஜனார்த்தன் அந்தத் தண்ணீரில் கைகால் கழுவினான். கையெல்லாம் பிசுபிசுப்பு, பைப் தூரத்தில். முழுவாளியும் முடிந்தது. நிரப்பி வையடா என்றேன். "பிறகு பாப்பம்" என்றான். நானும் எழும்பிப் போகவில்லை. அந்தச் சோம்பலை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

5.30. இருட்டிவிட்டது. ஜூன் மாதம் அங்கே அப்படித்தான்.

5.40க்கு ஒரு சத்தம்.

டங்.

வெறும் வாளிக்குள் குவளை விழுந்த சத்தம். "பூனை" என்றான் ஜனார்த்தன். சரி, பூனை.

5.52. மறுபடியும் டங். பிறகு சர்ர்ர்... சர்ர்ர்... குவளையால் வாளியின் அடியைச் சுரண்டுகிற மாதிரி. பூனை குவளை பிடிக்குமா?

ஜனார்த்தன் பகிடி விடுவதை நிறுத்தினான்.

6.05க்கு ஒரு மணம் வந்தது. முடி கருகுகிற மணம். பாகு அடிப்பிடிக்கிறது என்று பதறிக் கொப்பரையைக் கிண்டினேன். பிடிக்கவில்லை. பாகு பொன் நிறத்தில் நன்றாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மணம் வாசல் பக்கமிருந்து வந்தது.

6.12. தகரச் சுவரில் தட்டும் சத்தம்.

டொக்... டொக்...

ஆள் நின்று தட்டினால் நெஞ்சு உயரத்தில் கேட்கும். இது கீழே கேட்டது. முழங்காலுக்கும் கீழே. நிலத்தில் படுத்துக்கிடக்கிற ஒருவன் தட்டுகிற உயரம்.

"ஆரது?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

மூச்சு மட்டும். இழுத்து... இழுத்து... காய்ந்த தொண்டையால் விழுங்கப் பார்க்கிற சத்தம்.

6.20.

"பாணி..."

இளம் பெடியனின் குரல்.

"பாணி... பாணி..."

சுகந்தினியின் கையிலிருந்த அகப்பை விழுந்தது.

"செந்தூரன்" என்றாள்.

"சுகந்தினி, நீர் இரும். வெளியிலை போகாதையும்!"

அவளுக்குக் காது கேட்கவில்லை. அகப்பையை எடுத்தாள். கொதிக்கிற கொப்பரையில் அள்ளினாள். ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். சேலைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். ஜனார்த்தன் அசையவில்லை.

வெளியே ஒருவரும் இல்லை.

வாளி கவிழ்ந்து கிடந்தது. அவள் குனிந்து, கிண்ணத்தை நிலத்தில் வைத்தாள்.

"இந்தா ராசா. அக்கா கொண்டு வந்திட்டன். குடி."

கிண்ணம் நகர்ந்தது.

பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

பிறகு...

"ஆஆ..."

கிண்ணம் உருண்டது. பாகு புல்லில் கொட்டி ஆவி பறந்தது.

அழுகைச் சத்தம். சரிவில் இறங்கி... தூரப் போய்... நின்றது.

6.25.

"சுட்டுப்போட்டுதோ ராசா? சுட்டுப்போட்டுதோ?" என்று சுகந்தினி இருட்டைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நெருப்பை இழுத்துப் போட்டுவிட்டு, அவளைத் தூக்கித்தான் வானில் ஏற்றினோம். மோட்டர்வேயில் ஏறிய பிறகு அவள் சொன்னாள்.

"என்ரை தம்பி செத்துப்போனான். இல்லாட்டி ஏன் வந்து கேக்கிறான்?"

அடுத்த நாள் செந்தூரனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்தாள். வேலைக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை. தேடவேண்டாம் என்று அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அதை அனுப்பும்படி என்னிடம் தந்தாள். நான் அனுப்பவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு தாயிடம் போய் அதை எப்படிச் சொல்வது? நான் கண்டது பேயா, எங்கள் மூன்று பேரின் பயமா என்றே எனக்கு அப்போது நிச்சயமில்லை.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை மாலை, பழனிசாமி வந்தார். நாங்கள் விட்டுவிட்டு வந்த பாகில் அவர் வார்த்த சர்க்கரைக் கட்டிகள் ஒரு பையில். கூடத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினார்.

"யாரு? எப்போ?"

சொன்னேன். வாளிச் சத்தம், மணம், தட்டினது, எல்லாம். "பாணி எண்டு கேட்டது ஐயா. அது எங்கடை ஊரிலை பாகுக்குப் பேர்" என்றேன்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாகு இல்ல தம்பி. பானி. எங்க வீட்டுப் பேச்சு அது. பானின்னா தண்ணி. தண்ணி கேட்டான் என் மகன்."

ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். மூச்சு வாங்குகிறவன் சொன்னால் அதுவும் இல்லை. எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. வேறு யாராக இருந்தாலும் ஒரு குவளை தண்ணீர் கொண்டு ஓடியிருப்பார்கள். நாங்கள் பாகைக் கொண்டு போனோம்.

அவர் மெதுவாகச் சொன்னார். எட்டு வருடங்களுக்கு முன், அதே கொட்டிலில், அதே கொப்பரை சரிந்தது. மகனுக்குப் பத்தொன்பது வயது. ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிடம். வெந்த உடம்புக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நாப்பது நிமிஷம் கேட்டான் தம்பி. நான் குடுக்கல. குடுத்தா செத்துடுவான்னு குடுக்கல. குடுக்காமலும் செத்துட்டான்." கண்ணைத் துடைத்தார். "அதான் தினம் வாளி வெக்கிறேன். அன்னிக்கு அதுல தண்ணி இருந்துச்சுல்ல?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜனார்த்தன் எழுந்து வெளியே போனான். போய் அழுதான்.

கதவருகே நின்று சுகந்தினி எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அப்ப அது என்ரை தம்பி இல்லையோ?"

"இல்லம்மா. அது என் பையன்."

அவள் ஓடிப்போய்ப் படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள். சிரித்தாள். உடனே அந்த மனிதரின் காலடியில் இருந்து அழுதாள். "உங்கடை பிள்ளைக்குக் கொதிக்கிற பாகைக் குடுத்துப்போட்டன் ஐயா." அன்றிரவு ஒன்பது நாளுக்குப் பிறகு சோறு சாப்பிட்டாள். நான் அந்தக் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எவ்வளவு நிம்மதி! அடுத்த சனிக்கிழமை பகலில் நாங்களே போய் வாளியைக் கழுவி, விளிம்பு வரை நிரப்பிவிட்டு வந்தோம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்க்கிழமை. வன்னியிலிருந்து அம்மாவின் கடிதம் வந்தது. அங்கிருந்து கடிதம் வர ஒன்றரை மாதம் எடுக்கும். சுகந்தினி அதை வாசித்தாள். மறுபடி வாசித்தாள். என்னிடம் நீட்டினாள்.

மேலே திகதி போட்டிருந்தது. 15.6.96, சனி.

"பிள்ளை, நல்ல சேதி. தம்பி உயிரோடைதான் இருக்கிறான். இண்டைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அஞ்சு நிமிசம் இருக்கேக்கை வாசல் படலையடியிலை வந்து நிண்டு தண்ணி கேட்டவன். செம்போடை ஓடினன். அதுக்கிடையிலை எங்கையோ போட்டான். திரும்பி வருவான்."

எங்களுக்கும் அவர்களுக்கும் ஆறரை மணித்தியால வித்தியாசம். நான் விரல் விட்டு எண்ணினேன். ஆக்லாந்தில் அப்போது மாலை 6.25.

கீழே இன்னும் ஒரு வரி இருந்தது.

"வாய்தான் வெந்துபோய்க் கிடந்தது மோனை. சுடச்சுட என்னத்தைக் குடிச்சானோ, ஆர் குடுத்ததோ தெரியேல்லை."

செந்தூரன் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த வரிக்கு அம்மாவுக்கு என்ன பதில் எழுதினாள் என்று நான் சுகந்தினியிடம் கேட்டதே இல்லை.