பூஜைக்காக அணைத்த கணினி

ஆயுத பூஜை அந்த ஆண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தது. விடுமுறை எடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று என் கணவருக்கு நிம்மதி. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் முடியாதவர் பூஜைக்கு லீவு கேட்டால் நன்றாக இருக்காது என்று முந்தைய வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்த்தவர். தொழிற்சாலை மூடப்பட்டபோது வயது ஐம்பத்து நான்கு. முட்டி போய்விட்டது, அதனால் இளவயதில் செய்த லோரி ஓட்டும் வேலைக்கு மறுபடி போவதும் நடக்காது. பல மாதம் வீட்டில் இருந்தபின் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் இந்த வேலை கிடைத்தது. மலாக்காவில், பாச்சாங்கில் உள்ள எங்கள் வீட்டின் முன்னறையில் இருக்கும் கணினியில் காலை எட்டரைக்கு உள்நுழைந்து, எந்த லோரி எங்கே எதை இறக்கியது என்று பதிவுகளைச் சரிபார்க்க வேண்டும். மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஒருநாள் இடி விழுந்து எங்கள் வரிசை வீடுகளில் மின்சாரம் போனதால் அவர் தாமதமாக நுழைந்திருந்தார். மேற்பார்வையாளர் அதைக் குறித்துக்கொண்டார். இன்னொன்று கூடாது.

வீட்டில் ஒரே ஒரு கணினிதான். பகலில் அவருடையது. விடியற்காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் என்னுடையது. செய்தித்தாளில் துணையாசிரியராக இருந்து விலகி மலாக்காவுக்குத் திரும்பியபின் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிறு காலையும் எழுதிவிட்டு எழுந்தபோது கணினி ஒரு கேள்வி கேட்டது. இயங்குதளத்துக்குப் புதுப்பிப்பு வந்திருக்கிறது, இப்போதே போடலாமா என்று. திங்கட்கிழமை வேலை நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யாமல் இருக்கட்டும் என்று நினைத்துச் சம்மதம் கொடுத்தேன். திரை நீலமாகி, வட்டமாகப் புள்ளிகள் சுற்ற ஆரம்பித்தன. நான் கடலை வேகவைக்கச் சமையலறைக்குப் போனேன்.

அவர் முன்னறையைக் கழுவித் துடைத்து, பூஜைக்கான சாமான்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். அவருடைய குடும்பம் ஜாசின் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் இருந்தது. அங்கே பால்வெட்டுக் கத்தியிலிருந்து தொழிற்சாலை எந்திரம் வரை எல்லாவற்றுக்கும் பூஜை. அதில் ஒரு விதி இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்துக்குப் பொட்டு வைக்கக் கூடாது. முதலில் நிறுத்த வேண்டும், ஆற விட வேண்டும், கழுவ வேண்டும். பிறகுதான் சந்தனம். பொட்டு வைத்தபின் மறுநாள் காலை இன்னொரு முறை சூடம் காட்டும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது. அந்த ஒரு நாள் கருவிக்கு ஓய்வு.

கடலையைத் தாளித்து நான் வெளியே வந்தபோது எல்லாம் வரிசையில் இருந்தன. வாசலில் எங்கள் காடி, மோட்டார் சைக்கிள், உள்ளே வீட்டுக் கத்தி, என் தையல் எந்திரம், கடைசியில் கணினிப் பெட்டி. பெட்டியின் நெற்றியில், காற்று போகும் துளைகளுக்கு மேலே, மூன்று கோடு சந்தனம். நடுவில் குங்குமம். திரை கறுப்பாக இருந்தது. வேலை முடிந்து தானாக அணைந்திருக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானம் வடையைப் பிட்டுக்கொண்டே அவர் சொன்னார்.

“அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருந்துச்சு. நான் சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேன்.”

“எந்த சுவிட்ச?”

“சுவத்துல உள்ளத.”

“திரையில என்ன போட்டிருந்துச்சு?”

“அணைக்காதேன்னு போட்டிருந்துச்சு.”

“போட்டிருந்துச்சுல்ல?”

“நல்ல நேரம் போய்க்கிட்டு இருந்துச்சுலா. சுத்துற சாமானுக்கு எப்படிப் பொட்டு வைக்கிறது? நீயே சொல்லு.”

நான் உடனே போட்டுப் பார்க்கலாம் என்றேன். அவர் முடியாது என்றார். பொட்டு வைத்தாகிவிட்டது. நாளைக் காலை வரை அது படுத்திருக்க வேண்டும். நான் குரலை உயர்த்தினேன். அவர் உயர்த்தவில்லை. “இந்த சாமான்தான் நமக்குச் சோறு போடுது. ஒரு நாள் அதத் தொடாம இருக்க முடியாதா?” என்றார். சோறு போடுவதால்தான் பார்க்கச் சொல்கிறேன் என்றேன். இருவரும் ஒரே காரணத்தைச் சொல்லி எதிரெதிர்ப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தோம்.

திங்கள் காலை அவர் குளித்துவிட்டு வந்து சூடம் காட்டி, கும்பிட்டு, சுவரில் இருந்த சுவிட்சைப் போட்டார். வழக்கமாக எட்டேகாலுக்கு உட்காருபவர், அன்று எனக்காக ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்தார்.

‘மாற்றங்கள் திரும்பப் பெறப்படுகின்றன. சிறிது நேரம் ஆகும்’ என்று ஆங்கிலத்தில் வந்தது. புள்ளிகள் சுற்றின. பெட்டி தானாக அணைந்து, தானாக எழுந்து, அதே வரியைக் காட்டியது. மறுபடி அணைந்தது. மறுபடி அதே வரி. எவ்வளவு நேரம், எதனால், யாரால் என்று எதையும் சொல்லாத ஒரு செய்தியை என் மேசைக்கு யாராவது கொண்டுவந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். இதைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

“நீ எதையாச்சும் அமுக்குலா,” என்றார்.

“எதை?”

“எனக்கென்ன தெரியும்? நீதான நேத்து அமுக்குன.”

அது உண்மைதான். நான் அமுக்கினேன், அவர் அணைத்தார். அந்த நேரத்தில் யார் முதல் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல இரண்டு பேருக்கும் ஆசையாக இருந்தது.

சிம்பாங் அம்பாட்டில் செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டும் அவருடைய அண்ணன் அப்போது போன் செய்தார். பூஜைக்கு அடுத்த நாள் காலை ஒருவரை ஒருவர் அழைத்து, வண்டி நல்லபடி எழுந்ததா என்று விசாரிப்பது அவர்கள் வழக்கம்.

“தம்பி, நம்ப டிராக்டர் ஒரே அடியில ஸ்டார்ட் ஆயிடுச்சு. உன் டிராக்டர் என்னாச்சு?”

“ரோசாக், அண்ணே.”

“என்னாது, ரோசாக்கா? பொட்டு வச்சதுக்கு அப்புறமா கெட்டுச்சு? எலுமிச்சம்பழம் நசுக்குனியா இல்லயா?”

“கம்பியூட்டருக்குச் சக்கரம் இல்லண்ணே. எங்க வச்சு நசுக்குறது?”

அண்ணன் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு மேற்பார்வையாளருக்கு அழைத்தார். அவர் மலாய்க்காரப் பெண்மணி. இவரைவிடப் பல வயது இளையவர், ஆனாலும் இவர் அவரை மரியாதையாக ‘புவான்’ என்றுதான் அழைப்பார். கணினி கெட்டுவிட்டது என்றார். வேறு கணினியில் நுழையலாமா என்று கேட்டார். முடியாது, நிறுவனத்தின் மென்பொருள் அந்த ஒரு பெட்டிக்குத்தான் பதிவாகியிருக்கிறது, புதுப் பெட்டி என்றால் மனுப் போட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும் என்று பதில் வந்தது. அதே பெட்டியைச் சரிசெய்து மத்தியானத்துக்குள் உள்ளே வந்துவிடுங்கள். இது இரண்டாவது முறை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“புவான் கோவமா பேசல,” என்றார் என்னிடம். “கோவமா பேசியிருந்தா நல்லாருந்திருக்கும்.”

பெட்டி ஒருவழியாகச் சுற்றுவதை நிறுத்தி ஒரு பட்டியலைக் காட்டியது. கடைசிப் புதுப்பிப்பை நீக்கலாம் என்று ஒரு வாய்ப்பு இருந்தது. எனக்கு உயிர் வந்தது. அதைத் தேர்ந்தேன். மீட்புச் சாவியைத் தட்டச்சு செய்யவும் என்று கேட்டது. நீளமான எண். உள்ளே இருக்கும் கோப்புகளை எல்லாம் பெட்டி தானாகவே பூட்டி வைத்திருந்ததும், அதற்கு ஒரு சாவி இருப்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். சாவி உங்கள் கணக்கில் இருக்கிறது, இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒரு முகவரி கொடுத்தது.

என் கைப்பேசியில் அந்த முகவரிக்குப் போனேன். கணக்கு அவர் பெயரில் இருந்தது. நீங்கள்தான் என்று உறுதிசெய்ய உங்கள் எண்ணுக்கு ஒரு குறியீடு அனுப்புகிறோம் என்றது. எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் காட்டியது. அவர் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது.

“இது பழைய ஃபேக்டரி நம்பர்.”

தொழிற்சாலை கொடுத்த கைப்பேசி எண். மூடியபோது பாதுகாப்புக் காலணி, அடையாள அட்டை, அலமாரிச் சாவி ஆகியவற்றுடன் அந்தச் சிம்மையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். குறியீடு போயிருக்கும். எங்கே போயிருக்கும் என்று தெரியவில்லை. வேறு வழியில் உறுதிசெய்யலாமா என்று கேட்டேன். செய்யலாம், சில வாரம் ஆகும் என்றது.

பெட்டியைக் கழற்றிக் காடியின் முன் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டார். நான் பின்னால் உட்கார்ந்தேன். பாச்சாங்கிலேயே ஒரு தமிழ் முஸ்லிம் அண்ணன் கைப்பேசியும் கணினியும் விற்கிறார். பழுதும் பார்க்கிறார். எங்கள் பெட்டியை வாங்கியது அவரிடம்தான். கடை பத்து மணிக்குத்தான் திறக்கும். கடைக்கு முன்னால், அஞ்சடி என்கிற கூரை போட்ட நடைபாதையில் நின்றோம். என் கணவர் பெட்டியைத் தரையில் வைக்கவில்லை. பொட்டு வைத்ததைத் தரையில் வைக்கக் கூடாதாம். அந்த முட்டியுடன், இரண்டு கையாலும் சுமந்துகொண்டு நின்றார். நான் வாங்கப் போனால் தரவில்லை.

கடைக்காரர் வந்து இரும்புக் கதவைத் தூக்கினார். பெட்டியைப் பார்த்தார், சந்தனத்தைப் பார்த்தார்.

“நேத்து சாமி கும்பிட்டீங்களா?”

“ஆமாண்ணே.”

“பாதியில அணச்சிட்டீங்களா?”

என் கணவர் பெட்டியை அவரிடம் நீட்டினார்.

“வருசா வருசம் இந்தப் பூஜைக்கு மறுநாள் எனக்கு ரெண்டு மூணு வந்துடும், தங்கச்சி. உங்களுக்கு நேத்து பெருநாள், எனக்கு இன்னிக்கு.” உள்ளே மேசையைக் காட்டினார். சனிக்கிழமையே பூஜையை முடித்துக்கொண்ட ஓர் அலுவலகத்தின் மடிக்கணினி அங்கே இருந்தது. அதன் மூடியிலும் குங்குமம்.

கதையைச் சொன்னேன். அவர் தன் திரையில் மாட்டி, நான் பார்த்த அதே பட்டியலைப் பார்த்து, அதே இடத்தில் நின்றார்.

“சாவி இல்லாம இதுக்குள்ள போக முடியாதும்மா. நானும் முடியாது, யாரும் முடியாது. எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டா ஒரு மணி நேரத்துல எந்திரிச்சிடும். உள்ள முக்கியமா ஏதும் இருக்கா?”

இருந்தது. புத்தகத்தின் முதல் பகுதியைப் பதிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். அதற்குப் பிறகு எழுதிய மூன்று அத்தியாயங்கள் இந்தப் பெட்டிக்குள் மட்டும் இருந்தன. நேற்றுக் காலை எழுந்துபோகும் முன் எழுதிய பத்தி உட்பட.

நான் பதில் சொல்லும் முன் என் கணவர் சொன்னார். “இருக்குண்ணே. அழிக்க வேணாம். சாவி வரட்டும்.”

“சில வாரம் ஆகும்னு போட்டிருக்கு,” என்றேன்.

“ஆகட்டும்.”

“மத்தியானத்துக்குள்ள வரச் சொல்லியிருக்காங்க.”

“நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். வேற வேல பாக்குறேன். லோரிக்கே போயிடுறேன்லா.”

“இந்த முட்டிய வச்சுக்கிட்டு லோரி ஓட்டப் போறீங்களா? பிரேக்க யாரு மிதிப்பா, நானா?”

கடைக்காரர் எங்களைப் பார்க்காமல் திருகாணி ஒன்றை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தியாக உணர்ச்சி எதுவும் வரவில்லை. எரிச்சல்தான் இருந்தது. அவர்மேல், என்மேல், கேட்காமல் பூட்டிக்கொண்ட அந்தப் பெட்டிமேல். மூன்று அத்தியாயத்தை மறுபடி எழுத முடியும். மறுபடி எழுதும்போது இதே அளவுக்கு எரிச்சல் வரும், ஆனால் முடியும். ஐம்பத்து நான்கு வயதில் இன்னொரு வேலையை மறுபடி தேடுவது முடியாது. அதைப் பல மாதம் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

“அழிச்சிடுங்கண்ணே,” என்றேன்.

கடைக்காரர் என் கணவரைப் பார்த்தார். அவர் தலை குனிந்துகொண்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கடைக்காரர் ஒரு சிறிய நினைவகக் குச்சியைச் செருகினார். எல்லாம் அழிந்துவிடும், உறுதியா என்று திரை கேட்டது. நேற்று இதில் பாதியளவு தெளிவாகக்கூட அது என்னிடம் எதையும் கேட்கவில்லை. நான்தான் கையை நீட்டி அமுக்கினேன்.

பெட்டி எழுந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, நிறுவனத்தின் மென்பொருளை இறக்கி, அது பழைய பெட்டியை அடையாளம் கண்டு உள்ளே விட்டபோது பக்கத்துப் பள்ளிவாசலில் மத்தியானத் தொழுகைக்கான பாங்கு இன்னும் சொல்லவில்லை. மத்தியானத்துக்கு முன்பே நுழைந்துவிட்டார். உடனே அரட்டைக் கட்டத்தில் புவானின் செய்தி வந்தது. தாமதத்துக்குக் காரணம் எழுதவும்.

“நீ எழுது,” என்றார். “நீதான பேப்பர்ல இருந்தவ.”

‘மென்பொருள் புதுப்பிப்பில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு’ என்று மலாயில் எழுதினேன். பொய் இல்லை. யார் செய்தது என்பதை விட்டுவிட்டு எழுதப்பட்ட வாக்கியம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வாக்கியங்களை நான் வேலையில் நிறைய வெட்டியிருக்கிறேன்.

அவர் படித்தார். “இது நான் செஞ்ச மாதிரியே இல்லயே.”

“இல்லாம இருக்கட்டும்னுதான்.”

“நாளைக்கு வேற எவனாவது சொல்லி அவங்களுக்குத் தெரிஞ்சா? சாமிக்காக அணச்சிட்டு, சாமிய மறச்சு எழுதுறதா?” நான் எழுதியதை அழித்தார். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அவரே தட்டினார். நேற்று எங்களுக்குக் கருவிகளுக்கான பூஜை. புதுப்பிப்பு ஓடும்போது நான்தான் அணைத்தேன். மன்னிக்கவும். அனுப்பிவிட்டார். நான் தடுத்திருப்பேன், கை எட்டவில்லை.

பதில் வரும்வரை அவர் எதையும் தொடவில்லை. நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன்.

வந்தது. சோதனைக் காலம் ஒரு மாதம் நீட்டிக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு பூஜைக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், முந்தின நாளே எல்லாவற்றையும் முடித்து அணைத்துவிடலாம். இப்போது காலையில் விட்டுப்போன பதிவுகளை முடியுங்கள்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். “அடுத்த வருசம்னு போட்டிருக்காங்க, பாத்தியா?” என்றார்.

“ஒரு மாசம் நீட்டியிருக்காங்க, அதையும் பாத்தேன்.”

“ஒரு மாசந்தான.”

எனக்கு ஒரு மாதம் என்பது முப்பது காலைகள், ஒவ்வொன்றிலும் எட்டரைக்கு அவர் உள்ளே நுழையும்வரை இன்னொரு கோளாறு வருமோ என்ற கவலை. அதை அவரிடம் சொல்லவில்லை. சாப்பிட வரச் சொன்னேன். அவர் திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினார். திரையில் லோரிகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.