பீர் அண்ணன் விட்டுவைத்த எட்டாவது விளிம்பு

பீர் அண்ணன் போய்விட்டார்.

இன்று காலை ஏழு மணிக்கு, வீட்டு வாசலில் பைக்கை உதைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்தாறு வயது...

இதை இங்கே படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. உத்தமபாளையத்தில் நான் வேலை பார்க்கும் மரப்பட்டறையில் சிஎன்சி ரௌட்டர் என்கிற மரம் செதுக்கும் மெஷினை ஓட்டுகிறவர். நான் கம்ப்யூட்டரில் டிராயிங் போடுவேன், அவர் மரத்தை மாட்டி ஓட்டுவார். 2007-ல் மெஷின் வந்த நாளிலிருந்து அவரிடம் திட்டு வாங்குவதுதான் என் பாதி வேலை.

விளிம்பு விஷயத்தில் மனுஷன் ஒரு பைத்தியம். கட்டிலோ கதவோ, கூர் விளிம்போடு எதுவும் வெளியே போகக் கூடாது. அதைச் சீவி உருட்டுவதற்கு ரவுண்ட் ஓவர் பிட் என்று ஒன்று உண்டு. மதுரையில் சொல்லி வாங்கியதில் கை மெஷினுக்கான பிட் வந்துவிட்டது, நுனியில் பேரிங்கோடு. பேரிங் மேசையில் இடிக்கும், திருப்பி அனுப்புங்கள் என்றேன். மரத்துக்கு அடியில் ரீப்பர் சட்டம் கொடுத்துத் தூக்கி, அதே பிட்டில் ஓட்டிக் காட்டினார்.

போன மாசம் பள்ளிவாசலுக்குப் புது சந்தூக் செய்யும் வேலை வந்தது. இறந்தவரை வைத்துத் தோளில் தூக்கிப்போகிற பெட்டி. அண்ணன் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

காரணம் இருந்தது. அவருடைய அப்பா மௌத்தானபோது, அதாவது இறந்தபோது, பழைய பெட்டியின் கட்டை தோளை அறுத்து, வலி தாங்காமல் இவர் தோள் மாற்றப் போய், பெட்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாம். "அத்தாவைச் சாய்ச்சுட்டேன்டா..." என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்.

இப்போது அவருடைய அம்மா மூன்று மாசமாகப் படுக்கை. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பெட்டி முதலில் யாருக்கு என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

ஓனர் அந்தப் பக்கமே வரமாட்டார். "புதுப்பெட்டி முடிஞ்சா உள்ள வைக்க ஆள் கேக்கும்பாக. சீக்கிரம் அனுப்பி விடுங்கப்பா" என்று தள்ளி நின்றே சொல்வார்.

தூக்குவதற்கு இரண்டு நீளக் கட்டை. கட்டைக்கு நாலு விளிம்பு, மொத்தம் எட்டு.

முதல் விளிம்பிலேயே நான் சொதப்பினேன். ஆழத்தை அரை மில்லி கூடப் போட்டதில், வளைவு முடியும் இடத்தில் மெல்லிசாக ஒரு படி நின்றுவிட்டது. கண்ணுக்கே தெரியாது. அண்ணன் சட்டையைக் கழற்றி, கட்டையை வெறும் தோளில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் நாலு நடை நடந்தார்.

"இங்கன அறுக்குது பாரு."

"அரை மில்லிதாண்ணே... அதுல யாரும் செத்துப்போயிர மாட்டாக."

"செத்தவுகளுக்கு என்னடா, தூக்குறவுகளுக்குத்தான்."

இழைத்துவிட்டு மறுபடி ஓட்டினோம்.

ஏழு விளிம்பு முடிந்தது. எட்டாவதை அவர் தொடவேயில்லை. கட்டையைச் சுவரில் சாத்திவிட்டுக் கதவு வேலையில் இறங்கிவிட்டார். ஜமாத்திலிருந்து இரண்டு தடவை ஆள் வந்து கேட்டார்கள். "ஒரு விளிம்பு பாக்கி இருக்குங்க" என்று அனுப்பிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை. பட்டறையில் பாதிப் பேர் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போய்விட்டார்கள். அண்ணன் ஜும்மா தொழப் போயிருந்தார். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. கட்டையை மாட்டி, அளவை மூன்று தடவை சரிபார்த்து, ஓட்டிவிட்டேன். வெண்ணெய் மாதிரி வந்தது. மெச்சிக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

வந்தவர் கட்டையைத் தடவினார். முகம் வெளிறிவிட்டது.

"ஏலே... முடிச்சுட்டியா?"

"நல்லா வந்திருக்குண்ணே."

"நல்லாத்தான்டா வந்திருக்கு."

கட்டையைச் சுவரில் சாத்தினார். அப்புறம் சொன்னார். "பெட்டி முடிஞ்சாத்தான ஆள் கேக்கும்... அதான் ஒண்ணை விட்டு வச்சிருந்தேன். மார்க்கத்துல இதெல்லாம் கெடையாது, பள்ளிவாசல் அஜரத்து கேட்டா வைவாக. அம்மாவுக்காக ஒரு கிறுக்குத்தனம். விடு."

வேற கட்டை போட்டுவிடலாம் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

மறுநாள் பெட்டி பள்ளிவாசலுக்குப் போனது. அதற்கப்புறம் தினமும் காலையில் அவரைப் பார்த்ததும் என் முதல் கேள்வி, "அம்மா எப்படிண்ணே?"

"இருக்காக."

பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளும் அவர் நம்பரிலிருந்து போன் வந்தாலே எடுக்கத் தயங்குவேன். ஜமாத்தில் வேறு ஒரு மௌத்தும் விழவில்லை. புதுப்பெட்டி யாரையும் சுமக்காமல் அப்படியே இருந்தது.

இன்று காலை ஓனர் போன் பண்ணி, "பீரு வீட்டுல..." என்று இழுத்தார். அம்மாவா என்றுதான் கேட்டேன். கேட்கும்போது உள்ளே ஒரு நிம்மதி... ஒருவழியாகக் காத்திருப்பு முடிந்ததென்று. அதற்காக என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

"அம்மா இல்லப்பா. பீருதான்."

போனேன். உள்ளறைக் கட்டிலில் அம்மா கண்ணைத் திறந்தபடியே கிடந்தார். "எனக்கு வந்ததை அவன் வாங்கிட்டுப் போயிட்டானே..." அதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் இருந்த பக்கம் என்னால் நிற்க முடியவில்லை.

இதெல்லாம் மூடநம்பிக்கை என்று கமெண்டில் எழுதாதீர்கள். எனக்கும் தெரியும்.

மதியம் அந்தப் புதுப்பெட்டியில் வைத்துத் தூக்கினோம். நானும் தோள் கொடுத்தேன், வேறு மதத்துக்காரன் என்று யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அடக்கம் பண்ணும் கபர்ஸ்தான் வரைக்கும் தோள் மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. கட்டை எங்கேயும் அறுக்கவில்லை.

அந்த எட்டாவது விளிம்பாவது அறுத்திருக்கலாம்.

சாய்க்காமக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டோம்ணே. தூங்குங்க...