டிரைவரம்மாவின் ஏழாவது நிறுத்தம்

ஒட்டிக்கொண்ட இரண்டு பிளாஸ்டிக் கட்டைகளை டிரைவரம்மா பல்லால்தான் பிரிப்பார். கடைவாயில் வைத்து, ஒரு கண்ணைச் சுருக்கி, 'டக்'கென்று ஒரு கடி. எதிரில் உட்கார்ந்திருக்கும் பல் டாக்டர் ஒவ்வொரு முறையும் தன் தாடையைப் பிடித்துக்கொள்வார்.

"அதுக்குன்னு ஒரு கருவி இருக்கும்மா. என் கண்ணு முன்னாடியாவது கடிக்காதீங்க."

"பல்லு போனா உங்ககிட்டதான வருவேன் டாக்டரே. உங்க பொழப்ப நான் கெடுக்கலாமா?"

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நூலக மாடியில் கூடும் கட்டைக் குழுவில் முப்பது பேர். குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகி விளையாடும் அதே கட்டைகள்தான். இங்கே விளையாடுகிறவர்களுக்குத் தலை நரைத்திருக்கிறது. பல் டாக்டர்தான் தலைவர். டிரைவரம்மா நகரப் பேருந்து ஓட்டுகிறவர். மாடியைப் பெருக்கித் துடைப்பது என் வேலை என்பதால் நாலு வருடமாக இவர்களைப் பார்க்கிறேன்.

நாற்காலியிலிருந்து எழும்போது டிரைவரம்மா இரண்டு தோளுக்கும் மேலாக ஒரு முறை பார்த்துக்கொள்வார், பின்னால் வண்டி வருகிறதா என்பதுபோல. இடது, வலது என்று அவர் வாயில் வராது. "அந்தச் செவப்ப ஏறுற பக்கமா நகத்துங்க" என்பார். சீருடைப் பையில் எந்நேரமும் கட்டைகள் கலகலக்கும். மறந்துபோன சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுக்க வந்த அவர் கணவர் ஒருநாள் என்னிடம் முறையிட்டார்: "எங்க வீட்ல செருப்பில்லாம நடக்கத் தனி தைரியம் வேணும்மா." டிரைவரம்மா தலையைத் திருப்பாமலே பதில் சொன்னார்: "ரோட்டப் பாத்து நடக்கணும்."

மற்றவர்கள் கோட்டை கட்டுவார்கள், விண்கலம் கட்டுவார்கள். இவர் கட்டுவது தான் ஓட்டும் தடத்தை மட்டும். பன்னிரண்டு நிறுத்தங்கள், நாலு முனைச் சந்திப்பு, மேட்டுச் சாலை எல்லாம் இரண்டு மேஜை நீளத்துக்கு இருக்கிறது. சாலையில் குழி விழுந்தால் மேஜையிலும் ஒரு கட்டையைக் கழற்றிவிடுவார். குழியை மூடினால் திரும்பச் செருகுவார். கழற்றிய கட்டைகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். டப்பா நிரம்பித்தான் இருக்கிறது.

இந்த வருடத் தொடக்கத்தில் போக்குவரத்துக் கழகத்தில் ஏழாவது நிறுத்தத்தை எடுத்துவிட்டார்கள். சிறுநீரக மருத்துவமனை வாசலில் இருந்த நிறுத்தம் அது. இரத்தம் சுத்திகரித்துக்கொள்ள வாரத்துக்கு மூன்று முறை வருகிறவர்கள் அங்கேதான் இறங்குவார்கள். ஒரு நடைக்கு மூன்று நிமிடம் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். இப்போது அவர்கள் ஆறாவது நிறுத்தத்திலேயே இறங்கி மேட்டில் நடந்து வருகிறார்கள். டிரைவரம்மா இரண்டு முறை மனுக் கொடுத்தார். "ஓட்டுறதுதான் உங்க வேலை" என்று பதில் வந்தது.

"திரும்பிப் போறப்ப நடக்க முடியாதவங்க அங்கயே நின்னு கை காட்டுறாங்க" என்றார் ஒரு ஞாயிறன்று, ஒரு குட்டிப் பொம்மை ஆளுக்குத் தலை மாட்டிக்கொண்டே. "கை காட்டுறவங்களப் பாக்காத மாதிரி போறதுக்கு எனக்கு லைசென்ஸ் எடுக்கும்போது யாரும் சொல்லித் தரல."

அன்று மேஜையில் ஏழாவது நிறுத்தத்தருகே பதினொரு குட்டி ஆட்கள் நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் நகமளவு அட்டை. அதில் 'பேருந்தை நிறுத்து' என்று எழுதியிருந்தது.

பல் டாக்டருக்கு முகம் வாடிவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. போன வருடம் குழு நடத்திய கண்காட்சியில், உறுப்பினரான வங்கிக் காசாளர் தன் கோபுரத்தின் உச்சியில் ஒரு கட்சிக் கொடி வைத்தார். பக்கத்து மேஜைக்காரர் எதிர்க்கட்சிக் கொடியை அதைவிட ஒரு கட்டை உயரத்தில் வைத்தார். இரண்டு பேரும் கட்டை கட்டையாக ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் கைகலப்பாகி மேஜை கவிழ்ந்தது. கலந்துபோன கட்டைகளை நிறம் பிரிக்க மூன்று ஞாயிறு ஆனது. அதன் பிறகுதான் டாக்டர் விதி எழுதிச் சுவரில் ஒட்டினார்: கொடி, கோஷம், தலைவர் படம் கூடாது, ஊரில் உண்மையாகவே உள்ள பலகைகளை மட்டும் வைக்கலாம்.

"இது கோஷம்மா" என்றார் டாக்டர்.

"பஸ் ஸ்டாப்புல பஸ்ஸ நிறுத்துன்னா கோஷமா?"

காசாளர் மூன்றாவது மேஜையிலிருந்து குரல் கொடுத்தார். "என் கொடி மட்டும் அரசியலு, அவங்க அட்டை பூந்தோட்டமா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இந்த வருஷம் கண்காட்சியத் தெறந்து வைக்க வரப்போறது யாரு தெரியுமா? உங்க போக்குவரத்துக் கழக மேலதிகாரி. வேலைக்கே வேட்டு வச்சிக்காதீங்க."

டிரைவரம்மா காசாளரைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அண்ணன் கேக்கறது ஞாயந்தான்" என்று சொல்லிவிட்டு, பதினொரு அட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவிப் பையில் போட்டுக்கொண்டார். சண்டை பார்க்கத் தயாராக இருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

அடுத்த ஞாயிறு அவர் வேறொரு அட்டை கொண்டுவந்தார். 'இந்த நிறுத்தத்தில் இனி பேருந்துகள் நிற்காது.' அதை நிறுத்தத்துக் கம்பத்தில் ஒட்டினார். டாக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இது என்னம்மா?"

"உண்மையாவே இருக்கற பலகை. கழகத்துக்காரங்களே ஒட்டினது." கைபேசியில் படம் காட்டினார். எழுத்து, முத்திரை, கிழிந்த மூலை உட்பட எல்லாம் அப்படியே இருந்தது.

"ஆளுங்க?"

"அவங்களும் உண்மையாவே நிக்கிறாங்க. வேணும்னா நாளைக்கு என் வண்டியில ஏறுங்க, எண்ணிப் பாத்துக்கலாம்."

டாக்டர் சுவரில் தான் எழுதி ஒட்டிய விதியை இன்னொரு முறை படித்தார். பிறகு காசாளரைப் பார்த்தார்.

"என்னைய ஏன் பாக்குறீங்க?" என்றார் காசாளர். "விதின்னா விதிதான். இருந்துட்டுப் போகட்டும்."

கண்காட்சி அன்று டிரைவரம்மா சீருடையில் வந்தார். உள்ளங்கை அகலப் பேருந்து ஒன்று மேஜையைச் சுற்றி ஓடியது. அதைத் தள்ளி நின்று இயக்கும் விசைக்கருவி அவர் கையில். நிறுத்தம் வரும்போதெல்லாம் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். வண்டி நின்று, ஆள் ஏறும் நேரம் கொடுத்து, மெல்லக் கிளம்பும். ஏழாவது வந்தால் மட்டும் பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுவார். வண்டி கடந்து போகும்.

முதலில் கண்டுபிடித்தது குழந்தைகள். "ஆன்ட்டி, அவங்கள ஏத்தல, ஏத்தல" என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தினார்கள். கூட்டம் அந்த மேஜைக்குச் சேர்ந்துவிட்டது.

நாடா வெட்டிய கையோடு மேலதிகாரியும் அங்கேதான் வந்தார். இரண்டு சுற்று நின்று பார்த்தார். சிரித்தபடி கேட்டார்: "அங்க மட்டும் ஏம்மா நிக்கல? மோட்டார் ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார். உத்தரவு."

அவர் குனிந்து கம்பத்தில் இருந்ததைப் படித்தார். நிமிர நேரமானது. டாக்டர் தன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பேருந்து ஆறாவது நிறுத்தத்தில் நின்று கிளம்பி, மேட்டுச் சாலையில் ஏறிக்கொண்டிருந்தது.

டிரைவரம்மா விசைக்கருவியை மேலதிகாரியின் உள்ளங்கையில் வைத்தார். சிவப்புப் பொத்தான் எது என்று விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்த்து, ஓர் அடி பின்னால் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார்.